இசட் டிரைவைக் காணோமா? பதறாதீங்க... ஃபைல் எங்கேயும் போகலை!

மாதத்தின் 19-ம் தேதி. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. ஆறு கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு சின்ன நூல் வியாபார அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணக்கு பார்க்கும் அக்கா சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார். திரையின் வலது மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது. ‘எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை.’ இசட் டிரைவின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பெருக்கல் குறி.

மூன்று வருடக் கணக்கு அந்த டிரைவில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி.ஆர் 3பி ரிட்டன் தாக்கல் செய்ய மறுநாள்தான் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி.

முதலாளி எட்டிப் பார்க்கிறார். “என்னம்மா... நீ ஏதும் டெலிட் பண்ணிட்டியா?”

“இல்லீங்க சார். நான் ஒண்ணும் தொடலைங்க.”

இந்தக் காட்சி பல அலுவலகங்களுக்குப் புதிதல்ல. நெட்வொர்க் டிரைவ் திறக்காத அந்த அரை மணி நேரத்தில் இரண்டு தவறுகள் சர்வசாதாரணமாக நடக்கின்றன. ஒன்று, தவறே செய்யாத ஊழியர்மீது பழி விழுகிறது. இன்னொன்று, ‘எப்படியாவது திறந்தால் போதும்’ என்று அலுவலகத்தின் பூட்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. எங்கே அறுந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இசட் என்பது ஒரு பெயர்தான்!

உங்கள் செல்போனில் ‘அம்மா’ என்று ஒரு நம்பரைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். அழைத்தால் ரிங் போகவில்லை. உடனே அம்மாவைக் காணோம் என்று நினைப்போமா? டவர் இல்லை, போன் சார்ஜ் இல்லை, நம்பர் மாறிவிட்டது என்றுதானே யோசிப்போம்.

இசட் டிரைவும் அப்படித்தான். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொருளல்ல. வேறொரு கம்ப்யூட்டரில், அல்லது சர்வரில், இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு வைத்த கூப்பிடு பெயர். அந்தக் காலத்தில் ஃபிளாப்பிகளுக்கு ஏ, பி என்றும் ஹார்டு டிஸ்க்குக்கு சி என்றும் பெயர் போனதால், நெட்வொர்க் ஃபோல்டர்களுக்குக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வருவது வழக்கமானது. இன்றும் புதிதாக டிரைவ் இணைக்கப் போனால், விண்டோஸ் முதலில் நீட்டுவது இசட்டைத்தான்.

எனவே சிவப்புக் குறி வந்தால் முதலில் சொல்லிக்கொள்ள வேண்டியது: பெரும்பாலும் ஃபைல் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவில்தான் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

முதலில் ஒரு டபுள் கிளிக்

சிரிக்காதீர்கள். சிவப்புக் குறியைப் பார்த்ததுமே பயந்து, அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறைய பேர். அந்தக் குறி பல நேரங்களில் பொய் சொல்லும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸ் அவசரமாக இசட் டிரைவைத் தேடுகிறது. அந்த நொடியில் வைஃபை இன்னும் இணைந்திருக்காது. ‘கிடைக்கவில்லை’ என்று குறி போட்டுவிடும். பத்து நொடி கழித்து வைஃபை வந்தாலும் குறி அப்படியே நிற்கும். இரண்டு முறை கிளிக் செய்தால் டிரைவ் திறந்துவிடும்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் குறி விழுந்திருக்கிறதா? அதற்கும் காரணம் உண்டு. பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பை, ஃபைல் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் வழக்கமாக 15 நிமிடங்களில் துண்டித்துவிடும். அது கோளாறு அல்ல, ஏற்பாடே அப்படித்தான். திறந்தால் மறுபடி இணைந்துகொள்ளும்.

நம் கணக்கு அக்கா கிளிக் செய்து பார்த்தார். திறக்கவில்லை. பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. சிஸ்டம் சர்வீஸ் செய்யும் தம்பிக்கு போன் போட்டார்.

“சாயங்காலம்தான் வர முடியும்க்கா. அவசரம்னா மெயின் சிஸ்டத்துல பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் பண்ணிடுங்க. எல்லாருக்கும் திறந்துடும்.”

அந்த யோசனைக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

கேள்வி 1: எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

பக்கத்து சீட்டில் கேளுங்கள். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். ஆனால், பாதிப் பிரச்னை எங்கே என்பது இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபைல் இருக்கும் மெயின் கம்ப்யூட்டரைப் போய்ப் பாருங்கள். ஆஃப் ஆகியிருக்கலாம். யாரும் தொடாததால் ‘ஸ்லீப்’ நிலைக்குப் போயிருக்கலாம். கூட்டிப் பெருக்கும்போது நெட்வொர்க் கேபிள் தளர்ந்திருக்கலாம். மேஜைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியின் அடாப்டர், கரன்ட் போய் வந்ததில் உயிரை விட்டிருக்கலாம். விளக்கு மினுக்குகிறதா என்று குனிந்து பாருங்கள்.

சமீபத்தில் ரௌட்டர் மாற்றினீர்களா? அப்படியானால் இன்னொரு காரணமும் உண்டு. புது ரௌட்டரைப் புது இடம் என்று நினைத்து, விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று குறித்துக்கொள்ளும். பேருந்து நிலைய வைஃபையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஃபைல் பகிர்வை மூடிவிடும். மெயின் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில் அதை ‘பிரைவேட்’ என்று மாற்றினால் போதும்.

அலுவலகம் வளர்ந்துவிட்டாலும் சிக்கல் வரும். சாதாரண விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களை சர்வர்போலப் பயன்படுத்தினால், ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் அனுமதி. அதைத் தாண்டி ஒருவர் வந்தால், ‘இனி இடமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி 2: வழி இருக்கிறதா?

உங்களுக்கு மட்டும்தான் திறக்கவில்லை என்றால் அடுத்த கேள்வி இது.

“வாட்ஸ்அப் வெப் ஓடுதே, நெட் இருக்கே!” என்பார்கள். இன்டர்நெட் வேறு, அலுவலக நெட்வொர்க் வேறு. லேப்டாப் உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் தொற்றிக்கொண்டிருந்தால் வாட்ஸ்அப் ஓடும். இசட் டிரைவ் வராது. விருந்தினர்களுக்கு என்று தனியாக வைத்த வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதைதான். வீட்டிலிருந்து வேலை என்றால் வி.பி.என் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரியாக இருக்கிறதா? இப்போது இசட்டை விட்டுவிட்டு, நேராக அந்தக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டியில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு, ஒட்டினாற்போல் மெயின் கம்ப்யூட்டரின் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கவில்லை என்றால், பெயருக்குப் பதிலாக அதன் ஐ.பி எண்ணை அடித்துப் பாருங்கள்.

எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால், வழி இருக்கிறது; பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் தடங்கல். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் கேபிள், வைஃபை, ஃபயர்வால் பக்கம் பார்க்க வேண்டும்.

நேற்றுவரை எண்ணை வைத்து இணைத்த டிரைவ் இன்று திடீரென்று வரவில்லையா? ரௌட்டர் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு ஐ.பி எண் கொடுத்திருக்கலாம். ரௌட்டர்கள் இந்த எண்களை வாடகைக்கு விடுவதுபோலத்தான் தருகின்றன. மெயின் கம்ப்யூட்டருக்கு மட்டும் இதே எண்தான் என்று ரௌட்டரில் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் செய்பவருக்குச் சின்ன வேலைதான்.

கேள்வி 3: என்ன எண் சொல்கிறது?

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘நெட்’, ஓர் இடைவெளி, ‘யூஸ்’ என்று அடித்து என்டர் தட்டினால், எந்த எழுத்து எந்த ஃபோல்டருக்குப் போகிறது, அதன் நிலை என்ன என்று ஒரு பட்டியல் வரும். ‘ஓகே’ என்றால் நலம். ‘டிஸ்கனெக்டட்’, ‘அன்அவைலபிள்’ என்றால் அறுந்திருக்கிறது.

இணைக்க முயலும்போது விண்டோஸ் ஓர் எண்ணைச் சொல்லும். பலர் அதைப் படிக்காமலேயே பெட்டியை மூடிவிடுகிறார்கள். அந்த எண்தான் நோயின் பெயர்.

53 என்றால், அந்தக் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை. 67 என்றால், சொன்ன பெயரில் அப்படியொரு ஃபோல்டர் அங்கே கிடைக்கவில்லை. யாராவது ஃபோல்டரின் பெயரை மாற்றினார்களா என்று கேளுங்கள். 85 என்றால், இசட் என்ற எழுத்தை வேறொன்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 5 என்றால், உள்ளே விட்டாகிவிட்டது, ஆனால் அந்த அறைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. 86, 1326 என்றால் பாஸ்வேர்டு அல்லது யூசர் பெயர் தவறு.

கணக்கு அக்காவின் பக்கத்து சீட்டில் டிரைவ் நன்றாகத் திறந்தது. அப்படியென்றால் மெயின் கம்ப்யூட்டர் நலம். அவருடைய திரையில் வந்த எண் 86. அப்படியென்றால் வழியும் நலம். வாசல்வரை போக முடிகிறது. சாவிதான் சேரவில்லை.

சாவிக்கொத்து எங்கே இருக்கிறது?

“நான் பாஸ்வேர்டே போட்டதில்லையே, தானாத்தானே திறக்கும்?” என்று கேட்பது இயல்பு. முதல் நாள் யாரோ பாஸ்வேர்டு அடித்து, ‘நினைவில் வைத்துக்கொள்’ என்று டிக் செய்திருப்பார்கள். அன்றிலிருந்து விண்டோஸ்தான் உங்களுக்காகச் சாவி போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தச் சாவிக்கொத்தின் பெயர் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’. கண்ட்ரோல் பேனலில் ‘யூசர் அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் பெயரை அடித்தாலும் வரும். உள்ளே இரண்டு பெட்டிகள். ‘வெப்’ என்பது இணையதளங்களுக்கானது. ‘விண்டோஸ்’ என்பதில்தான் நெட்வொர்க் டிரைவ்களின் சாவிகள் இருக்கும்.

அதில் மெயின் கம்ப்யூட்டரின் பெயரைத் தேடித் திறந்தால், யாருடைய யூசர் பெயரில் உள்ளே போகிறீர்கள் என்று தெரியும். பாஸ்வேர்டு மட்டும் புள்ளிகளாகத்தான் இருக்கும். படிக்க முடியாது, மாற்றலாம், அல்லது நீக்கலாம்.

கணக்கு அக்கா திறந்து பார்த்தார். யூசர் பெயர் அவருடையது அல்ல. ஆறு மாதங்களுக்கு முன் வேலையை விட்டுப்போன பையனுடையது. அவன் உட்கார்ந்த சீட்டும் கம்ப்யூட்டரும்தான் இவருக்கு வந்திருந்தன. சாவியும் கூடவே வந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

“சார், மெயின் சிஸ்டத்துல நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“சனிக்கிழமை... வேலையை விட்டுப்போன பையனோட பாஸ்வேர்டை மாத்தினேன். எதுக்கு வம்புன்னு. ஏன்ம்மா?”

முதலாளி செய்தது சரியான காரியம். ஆறு மாதம் தாமதம், அவ்வளவுதான். பழைய சாவியையே வைத்துக்கொண்டு விண்டோஸ் புதுப் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தது.

சாவியை மாற்றுவது எப்படி?

முதலில், மெயின் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் தனியாக ஒரு யூசர் கணக்கு வேண்டும். பகிர்ந்திருக்கும் ஃபோல்டரில் அந்தப் பெயருக்கு அனுமதியும் தர வேண்டும். இது முதலாளியோ சர்வீஸ் செய்பவரோ செய்ய வேண்டிய வேலை. சில நிமிடங்கள்தான் ஆகும்.

பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் இசட் டிரைவை ரைட் கிளிக் செய்து ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். இதனால் ஃபைல் அழியாது. கூப்பிடு பெயர் மட்டும்தான் போகும். அடுத்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை நீக்குங்கள். ஒரு முறை சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஏற்கெனவே பழைய பெயரில் ஓர் இணைப்பு உயிரோடு இருந்தால், புதுப் பெயரில் இன்னோர் இணைப்பை அதே கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் அனுமதிக்காது. 1219 என்ற எண் வந்தால் அர்த்தம் இதுதான்.

இப்போது ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ போய், ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்து, ‘அடுத்த முறை உள்ளே வரும்போதும் இணை’, ‘வேறு பெயரில் இணை’ என்ற இரண்டு பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். யூசர் பெயர் கேட்கும்போது, மெயின் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், உங்கள் யூசர் பெயர் என்று சேர்த்து அடியுங்கள். வெறும் பெயரை மட்டும் அடிப்பதால் வரும் குழப்பம் இதில் தீரும்.

இங்கே அடிக்கடி கால் இடறும் இடங்கள் நான்கு.

பின் நம்பர் பாஸ்வேர்டு அல்ல. தினமும் நான்கு இலக்க பின் அடித்தே பழகியவர்கள், இங்கும் அதையே அடித்துவிட்டு ‘தப்புன்னு சொல்லுதே’ என்பார்கள். பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும். நெட்வொர்க்கில் அது செல்லாக்காசு.

பெயரும் எண்ணும் வேறு வேறு. கம்ப்யூட்டரின் பெயருக்குச் சேமித்த பாஸ்வேர்டு, அதன் ஐ.பி எண் வழியாகப் போனால் உதவாது. ஏதாவது ஒன்றையே எல்லோரும் பயன்படுத்துங்கள். பெயர் நல்லது.

வெற்றுப் பாஸ்வேர்டு செல்லாது. தினமும் அடிக்கத் தொந்தரவாக இருக்கிறது என்று மெயின் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை எடுத்துவிடுவார்கள். மறுநாள் யாருக்கும் டிரைவ் வராது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வெளியிலிருந்து பயன்படுத்த விண்டோஸ் வழக்கமாக விடுவதில்லை.

திரும்பத் திரும்ப முயலாதீர்கள். தவறான பாஸ்வேர்டைப் பல முறை அடித்தால் கணக்கே சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். சில நேரம் நாம் ஒன்றுமே அடிக்காமல், சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டை கம்ப்யூட்டரே ஓயாமல் முயன்று பூட்ட வைத்துவிடும். சாவி மாறியதும் பழையதை நீக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பூட்டையே கழற்றினால் என்ன?

இப்போது சர்வீஸ் தம்பியின் யோசனைக்கு வருவோம். ‘பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் பண்ணிடுங்க.’ ஒரே நிமிடத்தில் வேலை முடியும் என்பது உண்மைதான். கூடவே, அலுவலக வைஃபையில் இணையும் யாரும், பகிர்ந்த ஃபோல்டருக்குள் நடந்து வரலாம். ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு முழு அனுமதியும் கொடுத்திருந்தால், வருகிறவர் அழிக்கவும் செய்யலாம்.

‘பழைய எஸ்.எம்.பி 1-ஐ ஆன் பண்ணுங்க’ என்று இன்னொரு யோசனையும் உலவுகிறது. எஸ்.எம்.பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12-ம் தேதி வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. மூடிய கதவை நாமே திறக்க வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11-க்கு மாறும் அலுவலகங்களில், ‘புது கம்ப்யூட்டர்ல மட்டும் டிரைவ் வரலை’ என்ற புகார் எழுவது உண்டு. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ கம்ப்யூட்டர்களும் பாஸ்வேர்டு இல்லாத ‘கெஸ்ட்’ இணைப்புகளை ஏற்பதில்லை. தகவல் நடுவழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான கையொப்பத்தையும் கேட்கின்றன. பழைய ஸ்டோரேஜ் பெட்டிகள் இதற்குத் தடுமாறும். இங்கே செய்ய வேண்டியது, அந்தப் பெட்டியின் மென்பொருளை அப்டேட் செய்து, அதில் ஒவ்வொருவருக்கும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குவது. புது கம்ப்யூட்டரின் பாதுகாப்பைக் குறைப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

டிரைவ் தெரிகிறது, சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியவில்லையா?

இது ஒரு விநோதமான கோளாறு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இசட் நன்றாகத் திறக்கும். கணக்கு மென்பொருளைத் திறந்தால் ‘இசட் என்று ஒன்று இல்லையே’ என்று அது சொல்லும். அந்த மென்பொருளை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறந்தீர்களா என்று பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்துடன் ஓடும் மென்பொருளுக்கு, சாதாரணமாக நீங்கள் இணைத்த டிரைவ் எழுத்துகள் தெரியாது. சாதாரணமாகத் திறந்தால் சரியாகிவிடும். அல்லது மென்பொருளில் இசட் என்று கொடுத்த இடத்தில், இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள்.

மாதா மாதம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமா?

பல அலுவலகங்களில் இன்னும் இந்த விதி இருக்கிறது. மாற்றிய மறுநாள், சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய், டிரைவ்கள் வரிசையாக அறுந்து விழும். மறந்துபோகும் பயத்தில் புதுப் பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் காகிதமாக ஒட்டிக்கொள்ளும். அல்லது கீபோர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-லேயே காரணமின்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் தன் பாதுகாப்புப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து அந்த விதியை நீக்கிவிட்டது. நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, கசிந்த சந்தேகம் வந்தால் உடனே மாற்றுவதுதான் நல்லது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கே அவருடைய கணக்கை மூட வேண்டும். அவர் மோசமானவர் என்பதற்காக அல்ல. நாளைக்கு ஏதாவது ஃபைல் காணாமல் போனால், அவர் பெயரில் பழி விழாமல் இருப்பதற்கும் அதுதான் வழி. இத்தனை நாள் அந்த அலுவலகத்தில் கணக்கு அக்கா செய்த ஒவ்வொரு திருத்தமும், மெயின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, ஊரிலேயே இல்லாத பையன் செய்ததுதான்.

பிரவுசரிலும் ஒரு சாவிக்கொத்து இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வங்கி, ஜி.எஸ்.டி தளம், மெயில் என்று எல்லாவற்றுக்கும் ‘சேமிக்கவா?’ என்று கேட்கும்போது ‘ஆமாம்’ கொடுத்திருப்போம். உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டோ பின்னோ தெரிந்தவர், அவற்றையெல்லாம் படித்துவிட முடியும். பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில் வங்கிப் பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

ஒரு பக்கக் காகிதம்

டிரைவ் அறுந்த பிறகு தேடுவதைவிட, நன்றாக இருக்கும் நாளில் ஒரு காகிதத்தில் எழுதிவைப்பது எளிது. மெயின் கம்ப்யூட்டரின் பெயர், அதன் ஐ.பி எண், பகிர்ந்த ஃபோல்டரின் பெயர், எந்த எழுத்து எந்த ஃபோல்டருக்கு, யார் யாருக்கு எந்த யூசர் பெயர். இவ்வளவுதான். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.

இன்னொன்று. இசட் டிரைவில் இருப்பதாலேயே ஃபைல் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். மெயின் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் நிஜமாகவே போகலாம். ரான்சம்வேர் புகுந்தால், இணைப்பில் இருக்கும் நெட்வொர்க் டிரைவ்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாரம் ஒருமுறையாவது வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

அந்த அலுவலகத்தில் பதினோரு மணிக்கு இசட் டிரைவ் திறந்தது. முதலாளி மெயின் கம்ப்யூட்டரில் கணக்கு அக்காவின் பெயரிலேயே ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். மூன்று வருடக் கணக்கும் அப்படியே இருந்தது. மறுநாள் வரை காத்திருக்காமல், அன்று சாயங்காலமே ரிட்டன் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை யாருடைய கம்ப்யூட்டரிலாவது சிவப்புக் குறி விழுந்தால், ‘டெலிட் பண்ணிட்டியா?’ என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ‘உனக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா?’ என்று கேளுங்கள். விடை கிடைக்கத் தொடங்குவது அங்கேதான்.